பள்ளித் திடல் புல்வெட்டி: பெயர் அழிந்த எஞ்சினை அடையாளம் கண்டு ஓடவிட்ட குறிப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பழைய துரை பங்களாக்களை ஒழித்தபோது சாமான்கள் பல திசைக்குப் போயின. தள்ளிக்கொண்டே நடக்கும் பெட்ரோல் புல்வெட்டி ஒன்று எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பல தடவை பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சாயத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. ஜப்பான் மெசின் என்றார் ஒருவர், ஆஸ்திரேலியா என்றார் இன்னொருவர். கயிற்றை இழுத்தால் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

திடலுக்குக் குத்தகைக்காரர்கள் முதுகில் மாட்டும் வெட்டு மெசினோடு வருவார்கள். வாய்க்கால் ஓரத்துக்கும் மேட்டுக்கும் அதுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அது பள்ளமும் மேடுமாக வெட்டிப் போடுகிறது. சில இடங்களில் வேரோடு சீவி மண்ணைக் காட்டிவிடுகிறது. மழை பெய்ததும் அந்த இடம் சேறாகிவிடும். அகலப் புல் படர்ந்த நம் திடல்களை நாலு, ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டினால் புல் தானாகவே அடர்ந்து மண்ணை மூடும். அதற்குத் தள்ளும் மெசின்தான் வேண்டும். அதனால்தான் இதைப் பழைய இரும்புக்குப் போட விடாமல் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

பள்ளித் தோட்டக்காரரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். மெசினை இறக்கும்போது அவர் சொன்னார்: "தம்பி, முன்னல்லாம் ரெண்டு இழுப்புல எடுத்துக்கும். அங்சானா மரத்து வேர்ல ஒரு தடவ நல்லா மோதுச்சு. அதுலேர்ந்து கயித்த இழுத்தா கையத் திருப்பிப் புடுங்குது." இந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய் தெரிந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் பெயர் தெரிய வேண்டும்.

ஈப்போவில் சின்ன எஞ்சின் சாமான் விற்கும் கடைக்குப் போனால் தவுக்கே, அதாவது கடை முதலாளி, முதலில் மலாயில் கேட்பது, "நொம்போர் எஞ்சின் பெராப்பா?" (எஞ்சின் எண் என்ன?) என்றுதான். பச்சை மெசின், பழைய மெசின் என்று சொல்லி அங்கே ஒன்றும் வாங்க முடியாது. புல்வெட்டியில் பிளேடை மூடியிருக்கும் கூண்டு ஒருவர் செய்தது, எஞ்சின் இன்னொருவர் செய்ததாக இருப்பது சாதாரணம். கூண்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவில் கசியாமல் வைக்கும் தகடு) வாங்கினால் பொருந்தாது. எஞ்சினில் பொறித்திருக்கும் எண்தான் அதன் அடையாளக் கார்டு.

எண்ணைத் தேடும்போது மணல்தாளும் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரும் வேண்டாம். பொறிப்பு ஆழமில்லாதது, ஒரு தேய்ப்பில் போய்விடும். நான் சாயத்தின் மேல் தின்னர் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். ஸ்பார்க் பிளக்குக்கு மேலே, காற்று மூடியின் தகட்டில் எழுத்து தெரிய ஆரம்பித்தது. பள்ளிச் சுண்ணக்கட்டியைக் குறுக்கே தேய்த்து மேலோட்டமாகத் துடைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்து முழுசாகப் படிக்க வருகிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற பெயரும், அதன் கீழே மாடல், டைப், கோட் என்று மூன்று எண்களும் இருந்தன.

மாடல் 92902. பிரிக்ஸ் எண்ணில் முதலில் வருவது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் 16.4 சிசி என்பதால் 9 என்றால் ஏறக்குறைய 148 சிசி. எண் 12 என்று தொடங்கியிருந்தால் 190 சிசி பக்கம் வரும். அடுத்த 2 வடிவமைப்பு வரிசை. மூன்றாவது இலக்கம் முக்கியமானது: 0 முதல் 4 வரை இருந்தால் எஞ்சின் சுழற்றும் தண்டு படுத்திருக்கும், அதாவது படுக்கைத் தண்டு; 5 முதல் 9 வரை இருந்தால் நிமிர்ந்த தண்டு. இதில் 9. புல்வெட்டியில் பிளேடு நேராகத் தண்டின் அடியில் மாட்டப்படுவதால் நிமிர்ந்த தண்டாகத்தான் இருக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த வகை என்பதும் இதே இலக்கத்தில் அடங்கியிருக்கிறது. நான்காவது இலக்கம் பேரிங் சமாச்சாரம். கடைசி 2 என்றால் கயிறு தானாகச் சுருண்டுகொள்ளும் ஸ்டார்ட்டர்.

கோட் 85061204. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்தது மாதம், அடுத்தது தேதி. 1985 ஜூன் 12. கடைசி இரண்டு எந்தத் தொழிற்சாலையில், எந்த வரிசையில் செய்தது என்பதற்கு. இந்தத் தேதி வேலைக்கு உதவியது. 1982 முதல் பிரிக்ஸ் எஞ்சின்களில் மேக்னட்ரான் என்ற மின்னணுப் பற்றவைப்பு வந்துவிட்டது. அதனால் தண்டின் தலையில் சுழலும் கனச் சக்கரமான பிளைவீலுக்கு அடியில், பழைய முறைப் பற்றவைப்பின் பாயிண்ட், கண்டென்சர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று எண்ணைப் படித்தபோதே தெரிந்தது. இன்னொன்று: அமெரிக்காவில் 1982 நடுப்பகுதி முதல், வீட்டு உபயோகத்துக்கான தள்ளும் புல்வெட்டிகளில் கைப்பிடியை விட்டால் மூன்று வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். ஆகவே இதில் பிளைவீல் பிரேக் இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன், இருந்தது.

டைப் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே 92902-இல், ஸ்டார்ட் செய்யும்போது காற்றை மட்டுப்படுத்தும் சோக்கின் வகையும் கூட வரும் சாமான்களும் மாறும், அதைப் பிரித்துச் சொல்வது டைப் எண்தான்.

எல்லா மெசினிலும் இதே முறை வராது. ஹோண்டாவில் எஞ்சின் வகை பெயராகவே இருக்கும். ஜிஎக்ஸ்160 என்றால் படுக்கைத் தண்டு, ஜிஎக்ஸ்வி160 என்றால் நிமிர்ந்த தண்டு, இரண்டும் 163 சிசி. சீரியல் எண்ணை எஞ்சின் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். சீனத்திலிருந்து வரும் நிமிர்ந்த தண்டு எஞ்சின்களில் 1பி70எஃப் போன்ற குறி இருக்கும். அதில் 70 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். ஸ்டிக்கர் ஒட்டாத மெசினுக்கும் இந்தக் குறி இருந்தால் பிஸ்டன் ரிங் வரைக்கும் கேட்டு வாங்கலாம்.

ஒரு சந்தேகத்தை மட்டும் மனதில் வைத்திருந்தேன். காற்று மூடி என்பது நாலு போல்ட்டில் கழன்று வரும் தகடு. இத்தனை வருடத்தில் யாராவது வேறு எஞ்சினின் மூடியை மாட்டியிருக்கலாம். எப்படியும் கரி சுரண்டுவதற்கு சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால், வெர்னியர் அளவியை வைத்து சிலிண்டரின் விட்டத்தை அளந்தேன். 65 மில்லிமீட்டருக்கு மயிரிழை அளவு கூடுதல். 92000 வரிசையின் விட்டம் 2 9/16 அங்குலம், அதாவது 65.09 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான அடிப்பு நீளம் 1 3/4 அங்குலம். அந்த விட்டமுள்ள வட்டத்தின் பரப்பை அடிப்பு நீளத்தால் பெருக்கிப் பார்த்தால் 9 கன அங்குலம். மூடியும் எஞ்சினும் ஒன்றுதான்.

இனி நோய்க்கு வருவோம். பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிய பிறகுதான் பிளேடு பக்கம் கை போக வேண்டும். மெசின் ஓடாததாக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, பிளக் மேல் நோக்கும்படி, கைப்பிடி தரையைத் தொடச் சாய்த்தேன். நம் ஊரில் பலர் பக்கவாட்டில் புரட்டிப் போடுகிறார்கள். கார்புரேட்டர் பக்கம் கீழே போய்விட்டால் எண்ணெய் காற்று வடிகட்டியில் இறங்கும், சிலிண்டருக்குள்ளும் புகும். நிறைய நல்ல எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

மாமா சொன்ன "கையப் புடுங்குது" என்பது நேரம் தவறிய தீப்பொறியின் அடையாளம். பிளைவீலும் தண்டும் ஒன்றுக்கொன்று நழுவாமல் இருக்க நடுவில் சின்ன கீ ஒன்று உண்டு. அதை மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். பிளேடு வேரில் மோதி சட்டென்று நிற்கும்போது கனமான பிளைவீல் தன் வேகத்தில் சுற்றப் பார்க்கும், கீ நறுக்கப்படும். பிளைவீலில் இருக்கும் காந்தம், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் தாண்டும் நேரம் மாறிவிடுவதால் தீப்பொறி தப்பான நேரத்தில் விழும். பிஸ்டன் மேலே வருவதற்குள் பற்றிக்கொண்டால் கயிறு திரும்பி இழுக்கும்.

பிளைவீலின் மேல் இருக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச்தான் நட்டும். அதைத் திருக நாலு காது வைத்த தனி ஸ்பேனர் வேண்டும். ஆலைப் பட்டறையில் கிடந்த தடித்த குழாய்த் துண்டின் வாயை அறுத்து, நாலு பல் வரும்படி செய்துகொண்டேன். பிளைவீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, அதன் விசிறி இதழ்கள் உடையும். அதற்கென இருக்கும் இரண்டு துளைகளில் இழுவானை மாட்டினால் வந்துவிடும். உள்ளே கீ பாதி அறுந்து, தண்டின் பள்ளத்துக்கும் பிளைவீலின் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு படி தெரிந்தது.

பட்டறையில் உதவிக்கு இருந்த தம்பி, "அண்ணே, இரும்புல ஒண்ணு ராவிப் போட்டா அறவே அறாதே" என்றான். அறாது, உண்மைதான். அறாததால் அடுத்த அடி நேராகத் தண்டில் இறங்கும். கீ என்பது சில ரிங்கிட் சாமான், தண்டு வளைந்தால் எஞ்சினே போச்சு. அசல் வகை கீயைத்தான் போட வேண்டும். அதைப் போடுவதற்கு முன்னால் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தோம். பிளக்கைக் கழற்றிவிட்டு கயிற்றை மெதுவாக இழுக்க, அடியில் பிளேடு போல்ட்டின் நடுப்புள்ளி ஆடாமல் நின்றது. அது வட்டம் போட்டிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன். வளைந்த தண்டோடு ஓடும் பிளேடு ஆபத்தானது, அதைத் தட்டி நேராக்குவதும் சரியல்ல.

பிளைவீலும் தண்டும் சேரும் கூம்பைக் காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவாமல் சேர்த்தோம். கிளட்ச்சின் உள்ளே உள்ள குண்டுகளுக்கும் எண்ணெய் கூடாது, தூசு ஒட்டிச் சிக்கிக்கொள்ளும். காயிலுக்கும் பிளைவீலுக்கும் இடைவெளி 0.15 முதல் 0.25 மி.மீ. வரை.

தீப்பொறி பார்க்கும் முன் இன்னொரு இடத்தையும் பார்த்தாக வேண்டும். கைப்பிடியை விட்டதும் பிரேக் பிளைவீலைப் பிடிப்பதோடு, பற்றவைப்பையும் தரையோடு இணைத்து அணைத்துவிடும். கேபிள் நீண்டு தொங்கிப்போனால் கைப்பிடியை அழுத்தினாலும் பிரேக் முழுசாக விலகாது, தீப்பொறி வரவே வராது. நிறையப் பேர் காயில் போய்விட்டது என்று புதுசு வாங்குவது இந்த இடத்தில்தான். இதில் கேபிள் தளர்ந்துதான் இருந்தது, இறுக்கிவிட்டேன். பிரேக்கையே கம்பியால் கட்டிவிடும் வழக்கமும் இங்கே இருக்கிறது. பள்ளியில் ஓடும் மெசினில் அதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். 20 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு ஏறக்குறைய 80 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 285 கிலோமீட்டருக்கு மேல். கைப்பிடியை விட்ட கையோடு அது நிற்க வேண்டும்.

தீப்பொறி நீலமாக வந்தது. அழுத்தமும் இருந்தது. பிளைவீலைக் கையால் பின்பக்கமாகச் சுழற்றிவிட்டால் அழுத்தத்தில் முட்டித் துள்ளித் திரும்ப வேண்டும், திரும்பியது. பிளக் மட்டும் புதுசு: சாம்பியன் ஜே19எல்எம் அல்லது என்ஜிகே பி2எல்எம், இடைவெளி 0.76 மி.மீ.

பெட்ரோல் பக்கம்தான் அதிக நேரம் பிடித்தது. இந்த மாடலில் கார்புரேட்டர் நேராக டேங்க்கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பல்ஸா-ஜெட் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ரப்பர் பூசிய துணி டயாஃப்ரம் ஒன்று. எஞ்சின் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த டயாஃப்ரம் துடித்து, நீளமான குழாய் வழியாக டேங்க்கின் அடியிலிருந்து பெட்ரோலை ஏற்றி, டேங்க்குக்குள்ளேயே மேலே இருக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். குட்டையான குழாய் அந்தக் கிண்ணத்திலிருந்து உறிஞ்சும். டேங்க்கில் பெட்ரோல் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் அளவு மாறாமல் இருப்பது இதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. தனி பம்பும் இல்லை, மிதவையும் இல்லை.

டயாஃப்ரம் கெட்டியானால் இது அத்தனையும் நின்றுவிடும். டேங்க் நிறைய ஊற்றினால் கொஞ்சம் ஓடும், பெட்ரோல் இறங்க இறங்க மூச்சு ஏறி இறங்கி அணையும். கழற்றிப் பார்த்தபோது டயாஃப்ரம் காய்ந்த அப்பளமாக மடங்காமல் நின்றது. நாற்பது வருட எஞ்சினில் ரப்பர் அப்படி ஆவதில் வியப்பில்லை. நீளக் குழாயின் நுனியில் இருக்கும் சல்லடையைப் பழுப்புப் பிசின் அடைத்திருந்தது. வடித்த பெட்ரோலைக் கண்ணாடிச் சாடியில் வைத்துப் பார்த்ததில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து உருண்டது, கூடவே துருத் தூள். மூடியில் காற்றுத் துளை உள்ள டேங்க்கை மழைச் சாரல் விழும் ஸ்டோரில் வைத்தால் இதுதான் நடக்கும்.

டயாஃப்ரம் வாங்கும்போதுதான் டைப் எண் கை கொடுத்தது. கையால் இழுக்கும் சோக்குக்கு ஒரு டயாஃப்ரம், தானாக இயங்கும் சோக்குக்கு வேறு. இதில் சோக் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வழியாக டயாஃப்ரத்தோடேயே இணைந்திருக்கிறது. மூன்று எண்களையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். தவுக்கே பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் எடுத்து வைத்தார்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. டேங்க்கின் மேல் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, புது டயாஃப்ரம் போட்டாலும் காற்று கசியும். இது நேராக இருந்தது. இரண்டாவது, தானியங்கி சோக் உள்ள வகையில் சோக் வால்வை மூடிப் பிடித்துக்கொண்டே திருகாணிகளை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அப்போதுதான் டயாஃப்ரத்தில் தேவையான இழுப்பு இருக்கும். இது இல்லாமல் சும்மா முடுக்கினால் காலை ஸ்டார்ட் கெட்டுப்போகும்.

காற்று மூடிக்குள் காய்ந்த புல் தும்பு அடைத்திருந்தது, சிலிண்டரின் செதில்களுக்கு நடுவில் குளவியின் மண்கூடு. இந்த எஞ்சினுக்குக் காற்றுதான் குளிர்ச்சி. அது மட்டுமல்ல, இதன் கவர்னரும் பிளைவீல் ஊதும் காற்றில் அசையும் ஒரு சிறகுதான். தும்பு சேர்ந்து சிறகு சிக்கினால் எஞ்சின் வேகத்துக்குக் கட்டுப்பாடே இருக்காது. மூங்கில் குச்சியால் சுரண்டி, பிறகு காற்றடித்தோம்.

ஹெட்டில் கரி சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் முடுக்கினேன், கடைசிச் சுற்று 16 நியூட்டன் மீட்டர். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. கழற்றும்போதே அட்டையில் ஹெட்டின் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது.

எஸ்ஏஇ 30 எண்ணெய் 0.6 லிட்டர். நம் வெயிலுக்கு அதுவே போதும். எண்ணெய் பம்ப் கிடையாது, அடியில் ஒரு பற்சக்கரம் எண்ணெயை வாரி வீசுகிறது. அளவு குறைந்தாலோ சரிவில் நெடுநேரம் சாய்த்து ஓட்டினாலோ மேலே எண்ணெய் எட்டாது.

பிளேடின் வெட்டு முனையை அதன் பழைய சாய்வு மாறாமல், சூடேறி நீலம் பாயாதபடி அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டினேன். நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட, கனமான பக்கம் இறங்கும், அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். மாட்டும்போது வளைந்த இறக்கை கூண்டை நோக்கி இருக்க வேண்டும், அதுதான் புல்லை நிமிர்த்தி இழுக்கிறது.

ஈரம் காய்ந்த ஒரு முற்பகலில் திடலுக்கு எடுத்துப் போனோம். மாமாதான் கயிற்றை இழுத்தார். முதலில் ஒரு புகை, அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடியது. "கை வலிக்கல தம்பி" என்றார் அவர்.

இனிப் பராமரிப்பு. இந்த மெசின்களோடு வரும் புத்தகங்கள் வசந்தம், குளிர்காலம் என்று கணக்குச் சொல்லும். இங்கே புல் ஆண்டு முழுவதும் வளர்கிறது, மெசினுக்கு ஓய்வுக் காலமே இல்லை. அதனால் ஓட்டிய மணியைத்தான் எண்ண வேண்டும். எங்கள் திடலில் வெட்டும் பகுதி ஏறக்குறைய 60க்கு 40 மீட்டர், 2400 சதுர மீட்டர். சாதாரண நடையில் மணிக்கு 1800 சதுர மீட்டர் வெட்டலாம், ஆக ஒரு தடவைக்கு ஒரு மணி இருபது நிமிடம். வாரம் ஒரு தடவை என்றால் 25 மணி நேரம் சேர நாலைந்து மாதம் ஆகும். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மழையில் வாரம் இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தால் அது பாதியாகும். வெயிலில் பாரத்தோடு ஓடும் எஞ்சினுக்கு 25 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். அதே சமயம் நுரை வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எஞ்சின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போடலாம். கூண்டின் அடியை ஒவ்வொரு முறையும் மரத்துண்டால் சுரண்ட வேண்டும். ஈரப் புல் ஒட்டிக்கிடந்துதான் இரும்பு ஓட்டையாகிறது.

பள்ளி விடுமுறைக்கு முன் டேங்க்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டோர் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டைத் தொங்கவிட்டோம். முதல் பக்கத்தில் மாடல், டைப், கோட், பிளக், எண்ணெய் அளவு; அடுத்த பக்கத்திலிருந்து தேதியும் ஓட்டிய நிமிடமும். பின் சக்கரத்தின் புஷ் தேய்ந்து ஆடுகிறது, கூண்டின் இடது விளிம்பில் விரல் நுழையும் அளவு துரு ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அந்த இரண்டு வேலையும்.